கட்டியோடு போரிடாதவர்

டால்பெர்க் நகரத்தின் அறுநூற்றுப் பன்னிரண்டு குடிமக்களுக்கும், சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்களுக்கும், பரலோகத்தில் பொறுப்பிலிருப்பவர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: இடது அட்ரினல் சுரப்பியில் குடியேறிய கொடிய கட்டியை எதிர்த்து மூன்றாண்டுகள் வீரப்போர் புரிந்த மாவீரர் ஓர்டெல் ஃபோசம், செவ்வாய்க்கிழமை காலை களத்தில் வீழ்ந்தார்.

ஆர்டிஸ் கறுப்பு மார்க்கர் பேனாவின் மூடியைப் பல்லால் கடித்து இழுத்தாள். "கொடிய கட்டியை" என்பதில் ஆரம்பித்து "மாவீரர்" வரைக்கும் தடிமனாக ஒரு கோடு போட்டாள். நாற்பத்தொன்றாவது தாள். இன்னும் நூற்றுச் சொச்சம் இருந்தது.

தேவாலய அலுவலகத்தில், பிரதி எடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், குளிர் கோட்டைக்கூடக் கழற்றாமல் அவள் உட்கார்ந்திருந்தாள். ஆராதனை பதினொரு மணிக்கு. இப்போது ஒன்பதே முக்கால். இந்த ஆராதனைத் தாளை அச்சடித்தது மேயர் கேலன் ரஸ்டாடின் ஏற்பாடு. அந்த வாசகமும் அவனுடைய கைவண்ணம்தான். செத்தவரோ அவளுடைய அண்ணன். நாற்பது வருடம் ஒரே வீட்டில், ஒரே காபிப் பாத்திரத்தில் குடித்தவர்கள் இருவரும். கூடப் பிறந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று மேயருக்குத் தோன்றவில்லை. மாவீரர்களுக்குத் தங்கைகள் இருப்பதில்லை போலும்.

பாஸ்டர் கெண்ட்ரா எட்டிப் பார்த்தார். முப்பத்தைந்து வயது, ஊருக்கு வந்து ஒன்றரை வருடம். யாரையும் நோகடிக்காமல் பேசுவதற்கென்றே தனியாக ஒரு பட்டம் வாங்கியவர் போலிருப்பார்.

"ஆர்டிஸ், ஏதாவது உதவி வேணுமா?"

"இன்னொரு மார்க்கர் இருந்தா குடுங்க. இது காயப் பார்க்குது."

பாஸ்டர் மேசையைப் பார்த்தார். "ஓ," என்றார். டால்பெர்க்கில் "ஓ" என்பது பாதிச் சண்டைக்குச் சமம்.

"துக்கத்துல சில நேரம் நமக்கே தெரியாம கோபம் வந்து…"

"எனக்குத் துக்கமும் இருக்கு, கோபமும் இருக்கு. ரெண்டும் வேற வேற பையில இருக்கு, கலக்கல. நீங்க இன்னைக்கு எதைப் பத்திப் பேசப் போறீங்க?"

"தாவீது, கோலியாத்."

"யாரு கோலியாத்?"

பாஸ்டர் கதவு நிலையைத் தடவினார். "அந்த… கட்டி."

"அது எவ்வளவு பெருசுன்னு உங்களுக்குத் தெரியுமா? ஒண்ணு புள்ளி மூணு சென்டிமீட்டர். ஊறின பட்டாணி. தாவீது கவண்ல வச்சு அடிச்ச கல்லுகூட அதைவிடப் பெருசா இருந்திருக்கும்."

பாஸ்டர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு புது மார்க்கரை எடுத்து வைத்துவிட்டுப் போனார். ஒன்றரை வருடத்தில் அவர் செய்த முதல் தெளிவான காரியம் அதுதான் என்று ஆர்டிஸுக்குத் தோன்றியது.

நடந்தது இவ்வளவுதான். மூன்று வருடத்துக்கு முன், நவம்பரில், மான் வேட்டைக்குப் போன ஓர்டெல் பரணிலிருந்து இறங்கும்போது உறைபனியில் கால் வழுக்கி விழுந்தார். எழுபத்தொரு வயது. இரண்டு விலா எலும்பில் கீறல். உள்ளே வேறெதுவும் கிழியவில்லையே என்று பார்க்கத்தான் பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். எதுவும் கிழியவில்லை. ஆனால் அறிக்கையின் அடியில், யாரோ போகிற போக்கில் கிறுக்கியதுபோல் ஒரு வரி: இடது அட்ரினல் சுரப்பியில் சிறு கட்டி, தற்செயலாகக் கண்டது.

மறுநாள் பெட்ரோல் நிலையத்துக் காபி மேசையில் யாரோ கேட்டார்கள், "டாக்டர் என்ன சொன்னார், ஓர்டெல்?" அவர் வாழ்நாள் முழுக்கத் தானியக் கிடங்கில் எடை போட்டவர். கேட்டதற்கு உள்ளபடி பதில் சொல்லிப் பழகியவர். "ரெண்டு விலா. அப்புறம் ஏதோ கட்டியாம்," என்றார்.

அவ்வளவுதான். தேவாலயத்தில் ஜெபச் சங்கிலி என்று ஒன்று உண்டு. ஒருத்தி இன்னொருத்திக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும், அவள் அடுத்தவளுக்கு. காலை ஒன்பது மணிக்கு ஜெனெட் முதல் அழைப்பைப் போட்டபோது அது "ஏதோ கட்டி". பத்தரைக்கு "பெரிய கட்டி". சங்கிலி பதினேழாவது ஆளைத் தொட்டபோது ஓர்டெலுக்கு ஆறு வாரம் கெடு வைத்திருந்தார்கள். அந்தப் பதினேழாவது ஆள் கேலனின் மனைவி.

சனிக்கிழமையே அவருக்காகத் தீயணைப்பு நிலையத்தில் பான்கேக் விருந்து; அந்த ஊரில் யாருக்காவது பெரிய நோய் என்றால் அதுதான் வழக்கம். கேலன் ஒரு குழு அமைத்தான். குழுவுக்குத் துணைக்குழு. வேட்டைச் சாமான் கடையில் மிஞ்சிக் கிடந்த ஆரஞ்சுச் சட்டைகளை வாங்கி, நெஞ்சில் "ஓர்டெல் தளரமாட்டார்" என்று அச்சடித்தார்கள். விலா எலும்புக் கட்டோடு ஓர்டெலைக் கூட்டிப்போய் நடுவில் உட்கார வைத்தார்கள். நானூறு பேர் பான்கேக் தின்றுகொண்டே அவரைப் பார்த்து அழுதார்கள்.

அதற்கு அடுத்த வாரம்தான் சுரப்பி டாக்டர் அவரைப் பார்த்தார். இரத்தம் எடுத்தார்கள். இராத்திரி ஒரு மாத்திரை கொடுத்துக் காலையில் மறுபடி இரத்தம் எடுத்தார்கள். ஒரு நாள் முழுக்க ஒரு பெரிய ஜாடியில் சிறுநீர் பிடிக்கச் சொன்னார்கள். கடைசியில் அந்த டாக்டரம்மா கணினியைத் திருப்பிக் காட்டினார். "மிஸ்டர் ஃபோசம், இது சும்மா இருக்கிற கட்டி. ஒண்ணும் சுரக்கல, கெட்டதுக்கான அடையாளமும் இல்ல. நூறு பேருக்கு ஸ்கேன் எடுத்தா நாலஞ்சு பேருக்கு இது இருக்கும். உங்க வயசுல இன்னும் ஜாஸ்தி. ஸ்கேன் எடுக்காததால முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. நீங்க திரும்பி வர வேண்டியதில்ல."

காரில் வரும்போது ஓர்டெல், "இப்ப அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?" என்றார்.

சொல்லத்தான் சொன்னார். பெட்ரோல் நிலையத்தில் நின்று, "நான் நல்லாத்தான் இருக்கேன், ஒண்ணுமில்லையாம்," என்றார். எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. அந்த ஊரில் சாகக் கிடப்பவன் மட்டும்தான் அப்படிச் சொல்வான். கை ஒடிந்தவன் கொஞ்சம் வலிக்கிறது என்பான், சளி பிடித்தவன் செத்துப் போவேன் போலிருக்கிறது என்பான். "நல்லாத்தான் இருக்கேன்" என்றால் முடிந்தது. இன்னொருமுறை சொன்னார். அவருடைய துணிச்சலைப் பாராட்டி தேவாலயச் செய்தி மடலில் எழுதினார்கள்.

அப்படியாக மூன்று வருடம். கடைக்குப் போனால் பையைப் பிடுங்கிக்கொண்டார்கள். பந்துருட்டும் ஆட்டக் குழுவில் அவருடைய இடத்தை "அன்போடு" வேறொருவருக்குக் கொடுத்தார்கள். கனமான எதையும் தூக்கவிடவில்லை. பனி விழுந்தால் காலை ஆறரைக்குக் கேலன் தன் குழுவோடு, பனி ஊதும் இயந்திரத்தோடு வந்து வாசல் பாதையைச் சுத்தம் செய்துவிட்டு, ஜன்னலைப் பார்த்துக் கைமுட்டியை உயர்த்திக் காட்டிவிட்டுப் போவான்.

பனி அள்ளுவது ஓர்டெலின் காரியம். ஆறு வயதிலிருந்து அவருடையது. ஓரத்தைக் கத்தியால் வெட்டியதுபோல் நேராக விடுவார். அதையும் பிடுங்கியதும் அவர் ஐந்தரைக்கு எழ ஆரம்பித்தார். இருட்டோடு இருட்டாக, களவுக்குப் போகிறவர் போல் பின்கதவு வழியாக வெளியேறி, இயந்திரச் சத்தம் தெருமுனையில் கேட்பதற்குள் அள்ளி முடித்துவிட்டு உள்ளே வந்து, இரவு அங்கியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கேலன் வந்து சுத்தமான பாதையைப் பார்த்து, பக்கத்து வீட்டார் உதவியிருக்கிறார்கள் என்று நினைத்து உருகுவான். சில நாள் கேலன் ஆறுக்கே வந்தான். ஓர்டெல் ஐந்துக்கு எழுந்தார்.

போன செப்டம்பரில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டே சொன்னார், "ஆர்டிஸ், நான் எதுல வேணும்னாலும் சாகறேன். ஆனா அந்தக் கட்டியால செத்தேன்னு மட்டும் எழுத விட்டுடாத."

"ஏன், அவ்வளவு அவமானமா?"

"அவமானம் இல்ல. பொய். எடை போடறவன் தலைமேல தப்பான எடையை எழுதக்கூடாது."

செவ்வாய்க்கிழமை ஒன்பது அங்குலம் பனி விழுந்திருந்தது. ஆறு மணிக்கு அவள் காபி போட இறங்கியபோது பின்கதவு லேசாகத் திறந்திருந்தது. வாசலில் பாதிப் பாதை சுத்தம். ஓரம் நேர். மீதிப் பாதி தொடங்கும் இடத்தில் அவர் கிடந்தார், கையில் பனி அள்ளும் வாரியோடு. அவள் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு மண்டியிட்டு அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் தெருமுனையில் இயந்திரச் சத்தம் கேட்டது. கேலன் இறங்கி ஓடி வந்தான், பார்த்தான், தொப்பியைக் கழற்றினான். "போராடிட்டார்," என்றான்.

மாரடைப்பு என்று இறப்பை விசாரிக்கும் அதிகாரி எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளின் பிரதியை அவள் கேலனிடம் கொடுத்தாள். அவன் அதை மரியாதையோடு வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய் "வீரப்போர்" என்று அச்சடித்தான். அந்த மீதிப் பாதியைத் தொடக்கூடாது என்று மட்டும் அவள் அவனுடைய குழுவுக்குச் சொல்லியிருந்தாள். அதற்கு அவர்கள் கட்டுப்பட்டார்கள். மூன்று நாளாக அது அப்படியே கிடந்தது.

பத்தே முக்காலுக்குக் கடைசித் தாளில் கோடு போட்டு முடித்தாள். விரல்கள் கறுப்பு. கழுவவில்லை.

ஆராதனையில் ஐந்து வரிசை முழுக்க ஆரஞ்சு. பெட்டிக்குள்ளும் ஒரு ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுவிட வேண்டும் என்று குழு கேட்டிருந்தது. அடக்கம் நடத்தும் லீலண்ட் அதை ஆர்டிஸிடம் சொன்னபோது அவள் பார்த்த பார்வையில் அவர் பெட்டியையே மூடிவிட்டார். பாஸ்டர் கெண்ட்ரா தாவீதில் தொடங்கினார். முதல் வரிசையில் ஆர்டிஸின் கறுப்பு விரல்களைப் பார்த்தார். அதற்கப்புறம் தாவீது சண்டைக்குப் போகவேயில்லை. ஆமென் வரை ஆடு மேய்த்துக்கொண்டே இருந்தான்.

தாளைப் பிரித்தவர்கள் கறுப்புக் கோட்டைப் பார்த்தார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அடியில் என்ன இருக்கிறது என்று படிக்கப் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதில் டால்பெர்க்காரர்களை மிஞ்ச ஆளில்லை.

ஜனவரியில் மண் பாறையாக உறைந்து கிடக்கும், குழி தோண்ட முடியாது. ஆகவே பெட்டி கல்லறைத் தோட்டத்தில் பெட்டிகளை வைக்கும் கற்கட்டடத்துக்குள் போய் மே மாதம்வரை காத்திருக்கும். ஊர் கீழ்த்தளத்துக்குச் சாப்பிட இறங்கியது. பன்றி இறைச்சி வைத்த பன், உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் சீஸும் போட்டுச் சுட்ட தட்டுகள் பதினொன்று, பச்சை ஜெல்லிக்குள் துருவிய கேரட், காபி. நூற்றுப் பன்னிரண்டு பேர் என்று ஜெனெட் தட்டை வைத்துக் கணக்கெடுத்தாள். அடக்கச் சாப்பாட்டுக்கு அவள்தான் இருபது வருடமாகத் தலைவி.

எல்லோரும் இரண்டாவது தட்டில் இருக்கும்போது கேலன் மைக்கைத் தட்டினான். ஐம்பது வயது, காப்பீட்டு வியாபாரம், மூன்றாவது முறை மேயர். கையில் வெல்வெட் துணி போர்த்திய ஏதோ ஒன்று.

"நண்பர்களே. ஏரிக்கரையில நம்ம போட்ட பெஞ்சு உங்களுக்குத் தெரியும். இன்னைக்கு அதுக்கு ஒரு பெயர் வைக்கிறோம்." துணியை விலக்கினான். பித்தளைப் பலகை. தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தான்: "கட்டியை எதிர்த்து நின்று, கடைசி மூச்சுவரை தளராத மாவீரர் ஓர்டெல்…"

"டேய் கேலன்."

அவள் மைக்கைக் கேட்கவில்லை. முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவளுக்கு மைக் எதற்கு? அந்தக் குரலைக் கேட்டதும், நின்றுகொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் தங்களையறியாமல் உட்கார்ந்தார்கள். ஒருவர் கையிலிருந்த பன்னைக்கூட மறைத்தார்.

"உட்காரு."

கேலன் உட்கார்ந்தான்.

"எல்லாரும் கேளுங்க. ஒரே ஒரு தடவைதான் சொல்வேன். ஓர்டெல் அந்தக் கட்டியோட ஒரு நாளும் சண்டை போடல. அது அவனை ஒண்ணும் பண்ணல, அவனும் அதை ஒண்ணும் பண்ணல. ரெண்டு பேரும் ஒரே உடம்புல குடியிருந்தாங்க, ஒருத்தருக்கொருத்தர் பேச்சுவார்த்தைகூடக் கிடையாது. இந்த ஊர்ல எத்தனை புருஷன் பெண்டாட்டி அப்படி இருக்கீங்க? அதுக்கெல்லாம் பான்கேக் போட்டமா?"

யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள்.

"டாக்டரம்மா முகத்துக்கு நேரா சொன்னாங்க. நூறு பேரை ஸ்கேன்ல தள்ளினா நாலஞ்சு பேருக்கு இருக்கும். வயசானவங்கள்ல இன்னும் ஜாஸ்தி. வேற எதையோ தேடும்போது கண்ணுல படும், அவ்வளவுதான். ரத்தத்தைப் பார்த்து, அளவைப் பார்த்து, ஒண்ணுமில்லன்னா வீட்டுக்குப் போன்னு அனுப்புவாங்க. அனுப்பிட்டாங்க. அதை அவன் உங்ககிட்ட வந்து சொன்னான். ரெண்டு தடவை சொன்னான். கேட்டீங்களா? இப்ப இங்க நூத்திப் பன்னெண்டு பேர் இருக்கீங்க. உங்கள்ல அஞ்சு மாவீரர் இருக்கீங்க, தெரியுமா? எழுந்து நில்லுங்க, சட்டை அடிச்சுத் தர்றோம்!"

ஒருவரும் எழவில்லை. சிலருடைய கை மட்டும் மேசைக்கடியில் இடுப்புப் பக்கம் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தது.

"அவனுக்கு நெஞ்சு நின்னுபோச்சு. எழுபத்திநாலு வயசு. தன் வாசல்ல தானே பனி அள்ளணும்னு ஆசைப்பட்டான். அதையும் உங்களுக்குத் தெரியாம திருட்டுத்தனமா செய்ய வேண்டியிருந்துச்சு. அவன் போராடினது ஏதாவது ஒண்ணோடன்னா, அது உங்க அன்போடதான். அதுலயும் தோத்துப்போயிட்டான்னு எழுதாதீங்க. பாதிப் பாதை முடிச்சிட்டான்."

உட்கார்ந்தாள். கீழ்த்தளத்தில் வெப்பக் குழாய் இரண்டு முறை தட்டியது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஜெனெட் பெரிய காபிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "சரி, யாருக்குக் காபி?" என்றாள். நூற்றுப் பன்னிரண்டு கோப்பைகளும் நீண்டன.

பாத்திரம் கழுவ ஆர்டிஸ்தான் போனாள். செத்தவரின் வீட்டார் கழுவக்கூடாது என்று இரண்டு பேர் தடுத்தார்கள். மூன்றாவது முறை தடுக்காமல் கையுறையைக் கொடுத்தார்கள். அவள் கையுறையை மாட்டிக்கொள்ளாமல் கறுப்பு விரல்களை வெந்நீரில் விட்டாள்.

ஜெனெட் பக்கத்தில் வந்து நின்று தட்டுத் துடைத்தாள். குழாயை இன்னும் அதிகமாகத் திறந்துவிட்டாள், சத்தத்துக்கு.

"வலது பக்கம்டி எனக்கு."

"எது?"

"அதுதான். எட்டு வருஷம் ஆச்சு. பித்தப்பைக்குன்னு எடுத்தாங்க."

ஆர்டிஸ் தட்டைத் தண்ணீரில் விட்டுவிட்டாள். "ஏண்டி, நீதானே அன்னைக்கு முதல் போன் போட்ட! உனக்குத் தெரியுமில்ல இது ஒண்ணுமில்லன்னு?"

"எனக்கு ஒண்ணுமில்லன்னு தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்?" ஜெனெட் ஒரு கரண்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "அப்புறம் பான்கேக் போட்டாங்க. அதுக்கப்புறம் எப்படி வாயைத் திறக்கறது? என்னையும் நடுவுல உட்கார வச்சுட்டா யாரு சமைக்கிறது?"

அவள் போனதும் லீலண்ட் வந்தார், கறுப்புக் கோட்டோடு, ஒரே ஒரு கோப்பையைக் கொடுக்கிற சாக்கில். அடக்கம் நடத்துகிறவருக்கே உரிய தணிந்த குரலில், "ரெண்டு பக்கமும்," என்று சொல்லிவிட்டு, இரங்கல் சொல்வதுபோல் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். ஆர்கன் வாசிக்கும் மேவிஸ் வாயால் சொல்லவில்லை. ஜெல்லிப் பாத்திரத்தை வைத்துவிட்டுத் தன் இடது விலாவை ஒரு விரலால் இரண்டு முறை தட்டிக் காட்டிக் கண்ணடித்தாள். அவளுக்கு எண்பத்தொன்று.

மூன்று. இவர்கள் எல்லோரும் ஆரஞ்சுச் சட்டை போட்டு அழுதவர்கள். ஆர்டிஸுக்குச் சிரிப்பு வந்தது. ஓர்டெலிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அந்த நினைப்பு பாதிவழியில் நின்றது.

கடைசியாக வந்தவன் கேலன்.

"ஆர்டிஸ், ஒரு நிமிஷம்."

"துண்டு அங்க தொங்குது. துடைச்சுக்கிட்டே பேசு."

அவன் ஒரு தட்டை எடுத்தான். துடைத்தான். திருப்பித் துடைத்தான். அதையே மூன்றாவது முறையும் துடைத்தான்.

"எனக்கும் இருக்கு."

அவள் அடுத்த தட்டை அவன் பக்கம் வைத்தாள்.

"இடது பக்கம். நாலு வருஷமா. சிறுநீரகக் கல்லுக்கு ஸ்கேன் எடுத்தப்போ."

நாலு. ஓர்டெல் பரணிலிருந்து விழுந்தது மூன்று வருடம் முன்பு. அவள் குழாயை மூடினாள்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"போகல. பரிசோதனைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்துச்சு. கார் கொட்டகையில, பெயின்ட் டப்பாவுக்குப் பின்னால வச்சிருக்கேன்."

"பொண்டாட்டிக்கு?"

தலையை ஆட்டினான், இல்லையென்று. "பான்கேக் விருந்துல நான் எப்பவும் சுடற கல்லுக்கு அந்தப் பக்கம் நிக்கறவன். இந்தப் பக்கம் எப்படி உட்கார்றதுன்னு எனக்குத் தெரியல, ஆர்டிஸ். அப்பதான் ஓர்டெலுக்கும் அதேன்னு கேள்விப்பட்டேன். அதே இடது பக்கம்." தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அவர் இருக்கற வரைக்கும் நானும் இருப்பேன்னு ஒரு கணக்கு. பனி விழுந்தா தூக்கம் வராது. ஆறு மணிக்கே கிளம்பிடுவேன். பாதையைச் சுத்தம் பண்ண இல்ல. உங்க சமையல்கட்டுல விளக்கு எரியுதான்னு பார்க்க."

வெளியே யாரோ மடக்கு நாற்காலிகளை அடுக்கும் சத்தம்.

"செவ்வாய்க்கிழமை அவர் கிடக்கறதைப் பார்த்ததும்…" தட்டை வைத்துவிட்டான்.

இவனுடைய பயத்துக்கு ஒளிந்துதான் அவள் அண்ணன் ஐந்து மணிக்கு எழுந்தார். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கலாம். அவள் வாயில் அந்த நாலு வார்த்தையும் தயாராக இருந்தது. கேலன் ஏழு வயதில், பேருந்தின் மூன்றாவது இருக்கையில் வாந்தி எடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல், அதன் மேலேயே உட்கார்ந்து பள்ளிவரைக்கும் வந்தவன். அதை அவள் மறந்ததில்லை.

"டேய். அவன் செத்தது நெஞ்சுல."

"தெரியும். நீங்க அந்தத் தாளைக் குடுத்தீங்க."

"படிச்சியா?"

"இப்பதான் படிச்சேன்." பையிலிருந்து எடுத்துக் காட்டினான். மடிப்பு புதிதாகப் பிரிந்திருந்தது.

"திங்கட்கிழமை போன் போடு. ரத்தம் எடுப்பாங்க. ஒரு ஆரஞ்சு ஜாடி குடுப்பாங்க. ஒரு நாள் பூரா அதுலதான் போகணும், குளிர்பெட்டில வைக்கணும். ஓர்டெல் என் ஆப்பிள் ஜூஸுக்குப் பக்கத்துல வச்சான், நான் ஒரு மாசம் ஜூஸ் குடிக்கல. அதனால பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டு வை."

அவன் சிரித்தானா அழுதானா என்று சரியாகத் தெரியவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். தட்டுத் துடைக்கிற துண்டு. அவள் கண்டுகொள்ளவில்லை.

"பலகை?" என்றான்.

"மாத்து."

"என்னன்னு எழுத?"

"நடந்ததை எழுது. இந்தத் தடவை கேட்டுட்டு எழுது."

இரண்டரை மணிக்கு அவள் வீட்டுக்கு வந்தாள். வெயில் அடித்தது, குளிர் மூக்கைக் கடித்தது. வாரி, ஆம்புலன்ஸ்காரர்கள் சாய்த்து வைத்த இடத்திலேயே பனிக்குவியலில் நின்றது. அவள் தேவாலயக் காலணியோடு அதை எடுத்தாள். கேலனின் வண்டி பின்னாலேயே வந்து தெருவோரம் நின்றது. பின்பக்கம் இயந்திரம் ஏற்றியிருந்தது. அவன் இறங்கினான். இயந்திரத்தை இறக்கவில்லை. கைகளைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கமே நின்றான்.

மீதிப் பாதியை அள்ள அவளுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. ஓரம் அவ்வளவு நேராக வரவில்லை. ஓர்டெலின் பாதி எங்கே முடிகிறது, அவளுடையது எங்கே ஆரம்பிக்கிறது என்று தெருவிலிருந்தே தெரிந்தது. அவள் அதைச் சரி செய்யவில்லை.

கேலனின் ஜாடியில் ஒன்றும் இல்லை, இரத்தத்திலும் இல்லை. திரும்பி வர வேண்டியதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். புதுப் பலகை பிப்ரவரி இரண்டாம் வாரம் வந்தது: "ஓர்டெல் ஃபோசம். தன் வாசலில் தானே பனி அள்ளினார்." அவனே போய் பெஞ்சில் நாலு திருகாணி போட்டு முடுக்கிவிட்டு வந்தான். மறுநாள் பதினான்கு அங்குலம் பனி விழுந்து பெஞ்சை மூடியது. ஏப்ரல்வரை அதை யாரும் படிக்க முடியாது.